கேமராவுக்கு முன்னால் ஒரு பனியன்

"உங்கம்மா செக்கிங் டேபிள்ல நிக்கறாங்க. அந்த ஆப் வேண்டாம்னு நீ சொன்னா, அதை நான் எப்படி நம்பறது கண்ணு?"

எங்கள் கம்பெனி முதலாளி இதைக் கோபமாகக் கேட்கவில்லை. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார். அதனால்தான் அதிகமாக உறைத்தது. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு முறுக்கிக்கொண்டு வெளியே வந்திருப்பேன்.

வீரபாண்டிப் பக்கம் இருக்கும் பனியன் கம்பெனி அது. நான் அங்கே மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் மெயிலுக்கும் கீழே ஓடும் தையல் மிஷினுக்கும் நடுவில் நிற்கிற வேலை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அம்மா செக்கிங்கில் இருந்தார். தைத்து, அயர்ன் செய்து வரும் டி-ஷர்ட்டுகளை மேசையில் விரித்து, மார்பு அகலம், உயரம், கை நீளம் என்று டேப் வைத்து அளந்து, சரியானதை ஒரு பக்கமும் சரியில்லாததை இன்னொரு பக்கமும் போடுவார். அம்மாவுக்கு எண்கள் தெரியும். எழுத்து தெரியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்த காகிதமெல்லாம் என்னிடம்தான் வந்தது. வெள்ளகோவிலில் வாங்கிய மிக்ஸியோடு ஒரு உத்தரவாத அட்டை வந்தது. மேலே பெரிய எழுத்தில் ஐந்து வருட உத்தரவாதம். கீழே எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில், மோட்டாருக்கும் ஜாருக்கும் பிளேடுக்கும் அது பொருந்தாது என்று இருந்தது. சத்தமாகப் படித்தேன்.

"அப்பறம் எதுக்குத்தான் கண்ணு உத்தரவாதம்?" என்றார் அப்பா.

"மூடிக்கு மட்டுந்தாங்கப்பா."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து எதையும் கீழேயிருந்து மேலாகத்தான் படிக்கிறேன்.

ஆனாலும் புதிதாக ஒரு ஆப் வந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. அதற்கென்றே திரையில் விரிசல் விழுந்த பழைய போன் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் சிம் கிடையாது, என் உண்மையான பிறந்த தேதி கிடையாது, ஒரு போட்டோகூடக் கிடையாது. எந்த ஆப் ஆனாலும் முதலில் அந்தப் போனில் குடியிருந்து காட்ட வேண்டும். நல்ல பிள்ளையாக இருந்தால்தான் என் சொந்தப் போனில் இடம். ஆபீஸில் இருப்பவர்கள் எதையாவது இறக்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்பார்கள். கேட்காமல் இறக்கியவர்கள் பிறகு வந்து கேட்பார்கள்.

பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். காகிதத்தைப் படம்பிடித்து பிடிஎஃப் ஆக்கித் தரும் ஆப் ஒன்று, போனில் இருக்கும் எல்லா எண்களையும் பார்க்க அனுமதி கேட்டது. காகிதத்துக்கும் என் சித்தி நம்பருக்கும் என்ன சம்பந்தம்? முகம் பார்த்து வருகைப் பதிவு செய்யும் இன்னொன்று, காலையில் எல்லோரையும் அடையாளம் கண்டது. சாயங்காலம் தலையிலும் புருவத்திலும் பஞ்சு படிந்து வெளியே வந்தவர்களைப் பார்த்து விழித்தது. பீகாரிலிருந்து வந்த அக்கா ஒருவர் அதன் முன்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டே, காலையில் வந்த அதே ஆள்தான் நான் என்று இந்தியில் அதனிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

மெயில் எழுதித் தரும் ஏஐ ஒன்றை ஆபீஸே புகழ்ந்தது. ஆங்கிலம் என்னைவிட நன்றாகத்தான் எழுதியது. ஆனால் சாம்பிள் அனுப்பிவிட்டோம் என்று எழுதச் சொன்னால், தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று தானாகவே ஒரு மன்னிப்பையும் சேர்த்தது. தாமதமே இல்லை. பையர் அதைப் படித்திருந்தால், எது தாமதமானது என்று தோண்ட ஆரம்பித்திருப்பார். பணிவாகப் பேசுகிறது என்பதற்காக ஒரு மென்பொருளை நம்பிவிடக் கூடாது.

அளவெடுக்கும் ஆப்பை முதலாளியே கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். கறுப்புக் கட்டம் போட்ட விரிப்பு ஒன்று, அதற்கு மேலே ஸ்டாண்டில் தொங்கும் போன். டி-ஷர்ட்டை விரிப்பில் போட்டால் போன் படம் எடுக்கும். எல்லா அளவும் திரையில் வந்துவிடும். சரியாக இருந்தால் பச்சை டிக், இல்லாவிட்டால் சிவப்பு. அதை விற்பவர் சென்னையிலிருந்து வீடியோ காலில் பேசினார்.

"மேடம், இனிமே டேப்பே தேவையில்ல. போட்டோ லைவா உங்க பையருக்கே போகும். அவங்க அங்கேயிருந்து பாத்துக்கலாம்."

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அழைப்பு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இது நல்லா வந்துதுன்னா அளவு டேபிள் நமக்கு எதுக்கு?"

"அதுல நிக்கறவங்க சார்?"

"டிரிம்மிங்ல இடமிருந்தா போட்டுக்கலாம்."

டிரிம்மிங் என்றால் பிசிறு நூல் வெட்டுவது. அம்மா அங்கேதான் தொடங்கினார். தரையில் உட்கார்ந்து, கத்தரி பிடித்துக் கட்டைவிரல் காய்த்துப்போய், பல வருடம் கழித்துத்தான் அந்த மேசைக்கு ஏறினார். மேசைக்கு ஏறிய அன்று வீட்டில் கேசரி கிளறினோம்.

நான் அந்த ஆப்பை விரிசல் போனில் ஏற்றினேன். நிபந்தனைகளைக் கீழேயிருந்து படித்தேன். நாம் ஏற்றும் படங்களைத் தங்கள் சேவையை மேம்படுத்த அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருந்தது. பையரின் டிசைன் கடைக்கு வரும் முன்னாலேயே யாரோ ஒருவரின் சர்வரில் உட்கார்ந்திருக்கும் என்று அர்த்தம். விளம்பர வீடியோவையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதில் விரிப்பில் போட்டதெல்லாம் காலர் வைத்த, விறைப்பான, தறியில் நெய்த சட்டைகள். ஒரு பனியன் துணிகூட இல்லை. பனியன் இழுத்தால் வரும், விட்டால் போகும். பனியனை விட்டுவிட்டு ஏன் சட்டையைக் காட்டுகிறார்கள்?

இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னபோதுதான் அவர் டீ கிளாஸோடு அப்படிக் கேட்டார்.

அன்று கம்பெனி பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அம்மா தூங்கிவிட்டார். எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. அம்மா அந்த மேசையில் நிற்காவிட்டால் இந்த ஆப்பை நான் பாராட்டியிருப்பேனோ? வீடியோவில் எந்தத் துணி என்று இவ்வளவு உற்றுப் பார்த்திருப்பேனா? அம்மாவின் மேசை போகக் கூடாது, அதே நேரம் என் பேச்சும் பொய்யாகக் கூடாது. இரண்டையும் ஒன்றாக எப்படிப் பிடித்துக்கொள்வது என்றுதான் வழியெல்லாம் யோசனை.

முதலாளி சோதனையை அம்மாவின் மேசையிலேயே வைத்தார். கோடு கோடாகப் பின்னிய ரிப் துணியில் குழந்தைகள் போடும் டி-ஷர்ட்டுகள். ஒவ்வொன்றாக விரிப்பில் போனது. பச்சை. அடுத்ததும் பச்சை. சாயங்காலம் வரை சிவப்பே வரவில்லை. பக்கத்து மேசைப் பெண்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"பாரு கண்ணு, எனக்கு ஒண்ணுகூடச் செகப்பு வரலை" என்றார் அம்மா.

"பச்சையா வந்தா டேபிளையே எடுத்துருவாங்கம்மா."

"எடுத்தா எடுக்கட்டும். அதுக்காக என்ற பீஸு பெயிலாகோணுமா?"

நான் யாருக்குப் பிறந்தேன் என்று ஊருக்குச் சொல்ல அந்த ஒரு பதில் போதும்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. எந்தப் புதுத் துணியிலும் இரண்டு மூன்று பீஸாவது அளவு தவறிப்போகும். எல்லாமே சரியாக இருப்பதுதான் சரியாகப் படவில்லை. பச்சை வாங்கிய டி-ஷர்ட்டுகளில் ஒரு கட்டு எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை, கம்பெனிக்கு வந்திருந்த இன்னொரு விரிப்பையும் போனையும் என் மேசையிலேயே வைத்தேன். அதே ஆப், அதே வெளிச்சம். தோள்பட்டையைப் பிடித்து எடுத்து, தடவாமல் அப்படியே படுக்க வைத்தேன். சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. மார்பு அகலம் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

மாட்டிக்கொண்டாயா என்று சந்தோஷமாகத்தான் டேப்பை எடுத்தேன். டேப்பும் அதே அளவைச் சொன்னது. அதாவது ஆப் இப்போது சொல்வது உண்மை. அப்படியானால் நேற்று சொன்னது? கீழே போய், தூணுக்குப் பக்கத்தில் நின்று அம்மாவின் கையைப் பார்த்தேன்.

அம்மா டி-ஷர்ட்டை விரிப்பில் போட்டார். இரண்டு உள்ளங்கையையும் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் தள்ளித் தடவினார். கீழ்மடிப்பைப் பிடித்து ஒரு சுண்டு. சுருக்கம் போய்விட்டது. பிறகு கையை எடுத்தார். போன் படம் எடுத்தது. பச்சை.

டேப் இருந்தவரை அம்மாவின் ஒரு கை டேப்பின் இந்த முனையிலும் இன்னொரு கை அந்த முனையிலும் இருக்கும். துணியை இழுக்கக் கை மிச்சம் இருக்காது. கேமரா வந்ததும் இரண்டு கையும் சும்மாவாகிவிட்டன. சும்மா இருக்கிற கை, போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்றால் என்ன செய்யும்? பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனபோது, ஸ்டுடியோக்காரர் போதும் போதும் என்று சொல்லியும், என் யூனிஃபார்ம் தோள்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்த கைகள் அவை. ரிப் துணி இழுத்தால் நின்றுகொள்ளும். மெதுவாகத்தான் பழைய அளவுக்குத் திரும்பும். இங்கே பச்சை வாங்கி, பெட்டிக்குள் சுருங்கி, பையரின் மேசையில் சிவப்பாக இறங்கியிருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா டிபன் பாக்ஸ் மூடியைப் படாரென்று வைத்தார்.

"வெளிநாட்டுக்காரன் பாக்கற படம் கண்ணு. கசங்கின மேனிக்கா வெக்கறது?"

"அதான் தப்பா வருதும்மா. சார்கிட்டச் சொல்லோணும்."

"என்னன்னு? என்ற கை திருட்டுக் கைன்னா?"

"திருட்டுன்னு யாரு சொன்னா?"

"நீ படிச்சவ. நைஸா வேற மாதிரி சொல்லுவ. கேக்கறவன் காதுல அப்படித்தான் விழுகும்."

சொல்லாமல் விட்டால் மேசை போகும். சொன்னால் அம்மாவின் கையைத்தான் சொல்ல வேண்டும். நான் மகள் என்பதால் நம்பாதவர், மகளே தாயைக் குறை சொல்கிறாள் என்றால் மட்டும் நம்பிவிடுவாரா?

மேலே போய் முதலாளியைக் கூப்பிட்டேன். "ஏனுங்க சார், நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்களே ஒரு பீஸைப் போட்டுப் பாருங்க."

வந்தார். இருபது வயதில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராகத் தொடங்கியவர். என் மேசையில் கிடந்த, காலையில் சிவப்பு வாங்கிய டி-ஷர்ட்டையே எடுத்து நீட்டினேன். விரிப்பில் போட்டார். இரண்டு உள்ளங்கையையும் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் தள்ளினார். கீழ்மடிப்பை ஒரு சுண்டு சுண்டினார். போன் படம் எடுத்தது. பச்சை.

"நல்லாத்தானே இருக்குது?" என்றார்.

"சித்த நேரம் அப்படியே இருக்கட்டுங்க சார். டீ குடிச்சுட்டு வாங்க."

டீ வந்தது, யாரோடோ போனில் பேசினார், திரும்பி வந்தார். டி-ஷர்ட்டைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கி, தடவாமல் போட்டேன். சிவப்பு. முதலாளி தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"இழுத்தனா நானு?"

"ஆமாங்க. எங்கம்மாவும் இதையேதான் பண்ணுனாங்க. போட்டோன்னா நம்ம கை சும்மா இருக்காதுங்க."

டி-ஷர்ட்டை எடுத்து மடித்து ஓரமாக வைத்தார். "டேபிள் இருக்கட்டும்" என்றார் கடைசியில். பிறகு, "இப்போதைக்கு" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சொல்லை நான் கவனிக்காமல் விடவில்லை.

ஆப் விற்றவரிடம் இதைச் சொன்னபோது, "உங்க ஆளுங்களுக்கு டிரெயினிங் பத்தல மேடம்" என்றார். ஏற்றிய படங்களை அழிக்கச் சொல்லி மெயில் போட்டேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை அழித்தார்கள் என்று நான் நம்பவில்லை.

அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. முதலாளி வேலைக்கு நடுவே மேசைப் பக்கம் வந்து, "ஏனுங்கம்மா, நானும் உங்களை மாதிரியே இழுத்துப்போட்டனுங்க" என்று சிரித்துவிட்டுப் போன அன்றுதான் வழிக்கு வந்தார்.

போன வாரம் முதலாளி இன்னொரு ஆப்பின் இணைப்பை அனுப்பினார். இது வீடியோ எடுத்தே அளக்குமாம். அதை விற்பவர்கள் டெமோவுக்கு நாள் கேட்டிருந்தார்கள். பதிலை உடனே அனுப்பிவிட்டேன். வீடியோ கால் வேண்டாம், நேரில் வாருங்கள். உங்கள் சட்டை வேண்டாம், எங்கள் ரிப் துணியில் காட்டுங்கள். இன்று அளந்த டி-ஷர்ட்டை எங்களிடம் விட்டுவிட்டு, நாளைக் காலை வந்து மறுபடி அளந்து காட்டுங்கள். படங்கள் எங்கே போகும் என்பதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். டெமோவில் உட்காரப் போகிறவர்களில் அம்மாவையும் சேர்த்தேன். டெமோவுக்கான அழைப்பு மெசேஜ் அம்மாவின் போனுக்குப் போயிற்று.

பஸ்ஸில் வரும்போது அம்மா போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இதை அமுக்கினா காசு கீசு போயிருமா?"

"போகாதும்மா. வர்றேன்னு சொல்றதுக்குத்தான்."

"கீழ என்னமோ பொடிசா எழுதியிருக்குதே. அதைப் படி மொதல்ல."

படித்துக் காட்டினேன். அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் அமுக்கினார்.