பொட்டு வைத்த கெமரா

கண்டிக்குப் பக்கத்து மடவளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்கு மனம் ஒப்பவில்லை. நாங்கள் போனது பழைய சாமான் விற்கிற கடைக்கு. வாசலில் இறக்கை ஒடிந்த மின்விசிறி, கதவில்லாத பிரிஜ், ஒரு பக்கம் சாய்ந்த அலுமாரி. இதையெல்லாம் விற்க ஒருவன் கடை போடுவதுகூட எனக்கு ஆச்சரியமில்லை. வாங்க ஆள் வருகிறதே, அதுதான் ஆச்சரியம். அன்றைக்கு அந்த ஆள் நாங்களாக இருந்தோம், நானும் என் இளைய மகளும்.

அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அப்பாவின் குரல் கேட்க வேண்டும். மூத்தவளின் கல்யாணத்தின்போது இவள் தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை. அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். முகத்தைப் போட்டோவில் பார்த்திருக்கிறாள். குரல் எதிலும் இல்லை.

கல்யாணத்தைப் படமெடுத்தோமே என்பீர்கள். எடுத்தோம். கண்டியிலிருந்து ஸ்டூடியோக்காரன் வந்து, வெளிச்சம் பிடிக்க ஒருவன், வயர் தூக்க ஒருவன் என்று மாப்பிள்ளை வீட்டாரைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனான். பிறகு பெரிய வீடியோ கெசட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டு. நாங்கள் எல்லாரும் வாயை வாயை அசைக்கிறோம், யாரோ காதலிக்கிறார்கள். தாலி கட்டும்போது மேளச் சத்தம்கூட இல்லை. என் வீட்டுக்காரர் கையை நீட்டி ஏதோ சொல்கிறார், ஒரு பெண்பிள்ளை மழையைப் பற்றிப் பாடுகிறாள். அந்தக் காலத்தில் எல்லா ஸ்டூடியோக்காரனும் அப்படித்தான் செய்தான். பேசுவது அசிங்கம், பாட்டுத்தான் அழகு என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ.

ஆனால் மாப்பிள்ளையின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். கையடக்கமான கெமரா ஒன்றை வைத்துக்கொண்டு சமையல் கொட்டகையில் சுற்றித் திரிந்தார். திரும்பிப் போகும்போது சின்னக் கெசட் ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, கெமராவோடு விமானம் ஏறிவிட்டார். தேங்காயைக் கொடுத்துவிட்டு, துருவுகிற திருவலையை எடுத்துப் போன மாதிரி. அந்தக் கெசட் என் கல்யாணச் சேலையின் துண்டு ஒன்றில் சுற்றியபடி அலுமாரியில் கிடந்தது. கண்டியில் கேட்டபோது, அந்த அளவுக் கெசட்டைப் போட இப்போது மிஷின் இல்லை, அதே மாதிரிக் கெமரா கிடைத்தால்தான் உண்டு, இல்லையென்றால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். கொழும்புக்கா? முகம் தெரியாதவன் கையில் என் வீட்டுக்காரரைக் கொடுத்து அனுப்ப நான் தயாரில்லை. அதே மாதிரிக் கெமரா ஒன்று இந்தக் கடையில் இருக்கிறதென்று மகள் விசாரித்து வைத்திருந்தாள்.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், அவர்கள் பேச்சில் நானா. கெமராவை ஒரு பொலித்தீன் பைக்குள்ளிருந்து எடுத்தார். அதன் பக்கத்தில் இருந்த எழுத்தைக் காட்டி, ஜப்பான் சாமான் என்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளிடம் இங்கிலீஷைக் காட்டி விற்பதில் இவர்களுக்கு ஒரு சந்தோசம். நான் எழுத்தைப் பார்க்கவில்லை, சாமானைப் பார்த்தேன். பக்கவாட்டில் மடித்துத் திறக்கிற சின்னத் திரை குறுக்கே வெடித்திருந்தது. கை நுழைக்கிற வார் இற்றுப்போயிருந்தது. டீவிக்கு வயர் குத்துகிற ஓட்டை உடைந்து உள்ளே போயிருந்தது.

“சாமான் நல்லா ஈக்கிம்மா. கொஞ்சம் தூசி, அவ்வளவுதான்” என்றார்.

அந்தத் தூசிக்கு வாசம் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். கெசட் போடுகிற மூடியின் இடுக்கு முழுக்கக் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடியும் சந்தனம். இது எங்கள் ஆள் ஒருவன் வைத்திருந்த கெமரா என்று அப்போதே தெரிந்தது. ஆயுத பூசைக்கு லொறிக்காரன் லொறிக்கு வைப்பான், தையல்காரன் மிஷினுக்கு வைப்பான், இந்தப் புண்ணியவான் கெமராவுக்கு வைத்திருக்கிறான். வைக்கட்டும். முதுகு முழுக்க இடம் கிடக்க, வாயிலேயா வைப்பது? அதுவும் பழசைத் துடைக்காமல், ஒவ்வொரு வருசமும் அதே இடத்தில். பக்தி கூடிப்போய் மிஷினின் தொண்டையை அடைத்திருக்கிறான். பிறகு ஓடவில்லை என்று இங்கே கொண்டுவந்து தள்ளியிருக்கிறான்.

கடைக்காரருக்கு அதெல்லாம் தெரியவில்லை. சிவப்பாக இருந்ததைத் துரு என்று நினைத்திருந்தார். “ஒங்கட கெசட்டப் போட்டுப் பாருங்களேன்” என்றார். என் மகள் உடனே கைப்பையைத் திறந்தாள். படித்த பிள்ளை, மருந்துக்கடையில் வேலை. உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற பொருளை, தொண்டை அடைத்த மிஷினுக்குள் போடப் போகிறாள். நான் பையின் மேல் கையை வைத்தேன்.

“மொதல்ல ஒங்க கெசட் ஒன்னப் போடுங்க, நானா.”

முகம் சுளித்தாலும் ஒரு பெட்டியைக் கிளறி யாருடையதோ ஒரு கெசட்டை எடுத்துப் போட்டார். மிஷின் முனகியது, கரகரத்தது. பிறகு மூடியைத் திறந்தால் நாடா குடல் மாதிரி வெளியே வந்தது. மகளின் முகத்தில் இரத்தம் இல்லை. கைப்பையை இழுத்து மூடினாள்.

சின்ன வேலைதான், வாங்கிக்கொண்டு போய்த் திருத்திக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். திருத்தினால்தான் வாங்குவேன் என்றேன். அப்படி வழக்கமில்லை என்றார். நான் அங்கே கிடந்த கதிரையில் உட்கார்ந்தேன். அதுவும் விற்பனைக் கதிரைதான், ஒரு கால் ஆடியது. எனக்கு அவசரமில்லை. வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து, என்ன விசயம் என்று கேட்டார்கள். நான் விசயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த வெடித்த திரை இன்னும் பெரிதாக வெடித்தது. கடைசியில் கடைக்காரர், இரண்டு கடை தள்ளி போன் திருத்துகிற தன் மச்சானைக் கூப்பிட்டார். விற்கிறவன் ஒருவன், வைத்தியம் பார்ப்பவன் அவன் மச்சான். நல்ல குடும்பம்.

வந்தவர் ஊசி மாதிரி ஒன்றால் சந்தனத்தைச் சுரண்டினார். பொருக்குப் பொருக்காக விழுந்தது. பிரஷில் ஏதோ மருந்து தொட்டு உள்ளே துடைத்தார். மறுபடி ஒரு பழைய கெசட். இந்த முறை கரகரப்பில்லை. கெமராவின் பக்கத்தில் இருந்த பொட்டுப் பொட்டான ஓட்டைகளுக்குள்ளிருந்து நாதஸ்வரம் கேட்டது. யாரோ ஒரு பெண் சோற்றுச் சட்டி எங்கே என்று கத்தினாள். திரை மட்டும் கறுப்பு. கண்ணை வைத்துப் பார்க்கிற குழாயும் கறுப்பு.

“திரைக்குப் பார்ட்ஸ் வாறல்ல. வயரும் குத்த ஏலா” என்றார் மச்சான். பிறகு, கடைக்காரரின் முறைப்பைக் கண்டும் காணாமல் சொன்னார்: “இது வாங்குற சாமான் இல்லம்மா.”

மகள் எழுந்துவிட்டாள். “வாங்கம்மா, போவோம். படம் தெரியாம என்னத்துக்கு?”

“நீ படத்துக்கா வந்த?” என்றேன். “மூஞ்சிதான் செவத்துல தொங்குதே.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். சோற்றுச் சட்டி தேடிய பெண் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். கடைக்காரரைப் பார்த்து, கண்ணில்லாத சாமானுக்குக் கண்ணில்லாத விலை சொல்லுங்கள் என்றேன். என்ன கொடுத்தேன் என்று சொல்லப் போவதில்லை. அந்தக் குப்பைக்கு அதுவும் அதிகம்.

அங்கேயே போட்டுக் கேட்போம் என்றாள் மகள். முடியாது என்றேன். உடைந்த பிரிஜ்களுக்கு நடுவே அவரைப் பேச வைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, கரண்டில் மாட்டினோம். முதலில் பாத்திரச் சத்தம். பிறகு மேளம். என் நாத்தனார் யாரையோ குறை சொல்கிறாள், அன்றும் அதே குரல். மகள் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துப் பதிந்துகொண்டு மூச்சு விடாமல் இருந்தாள். திடீரென்று அவர்.

“தம்பி, சாப்புடுறவங்க எலையப் படம் புடிக்காதீங்க. யாரு எவ்வளவு தின்னாங்கன்னு ஊருக்கா காட்டப் போறீங்க?” பிறகு ஒரு பிள்ளையின் அழுகை. “இந்தக் குட்டிக்கு யாரு பாயாசம் குடுத்தது? சட்டையெல்லாம் நாசம். குடு இங்க.”

அழுகை நின்றது. மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். முழுக் கெசட்டிலும் அவர் வேறெங்கும் பேசவில்லை.

இதற்காகவா இவ்வளவு அலைந்தோம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, “என்னையத்தான் ஏசியிருக்காரு” என்றாள். யாரோ அவளுக்கு நகை போட்டுவிட்ட மாதிரி இருந்தது அவள் முகம். நான் எழுந்து தேத்தண்ணி போடப் போனேன். உள்ளே அடுப்பருகில் நின்றபோது, குடு இங்க, குடு இங்க என்று பின்னால் மறுபடியும் மறுபடியும் கேட்டது. கெசட் தேய்ந்துவிடும் என்று அதட்டினேன். அது போன்தான் என்றாள்.

இப்போது அவர் போனில் இருக்கிறார். கெமரா அலுமாரியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி, ஒரு தடவை கேட்கவா இதை வாங்கினீர்கள் என்று சிரித்தாள். அவளுடைய பெரிய டீவியில் நாள் முழுக்கக் கேட்பது சீரியல் அழுகை என்று எனக்குத் தெரியும்.

போன ஆயுத பூசைக்கு மகள் சந்தனக் கிண்ணத்தோடு அலுமாரியைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் நின்றுவிட்டாள். பிறகு கிண்ணத்தை நானே வாங்கி, கெமராவின் வாயில் படாமல், இற்றுப்போன அந்த வாரில் ஒரு பொட்டு வைத்தேன்.