கத்தி படாத முடி

பெண்கள் வெயிலில் உட்கார்ந்து, தலைமுடியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பதை எந்த ஊரில் கண்டாலும் நான் சற்று நின்றுவிடுவேன். ரங்கூனில் நின்றிருக்கிறேன். கோலார் சுரங்கத்து லயன் வீடுகளில் நின்றிருக்கிறேன். கொழும்பில் அப்படி நின்றதற்கு ஒரு பெண்ணின் அண்ணன் என்னை அடிக்க வந்துவிட்டான். அவனுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு அந்த ஊர்ப் பாஷை போதவில்லை. தெரிந்திருந்தாலும் என்ன? உன் தங்கையைப் பார்க்கவில்லை, அவள் முடியின் நுனியைத்தான் பார்த்தேன் என்றால் எவன் நம்புவான்?

எட்டு ஒன்பது வயது வரைக்கும் எனக்கும் இடுப்பளவு முடி இருந்தது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நூம்பல் ஏரிக்குக் கீழே என் தகப்பனார் குத்தகைக்குப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். அவரை நான் நைனா என்று கூப்பிடுவேன். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தானாம். மூன்று வயதில் அவனைத் திருத்தணி மலைக்குக் கொண்டுபோய், சுத்தமாக மொட்டையடித்து, சந்தனம் பூசிக் கூட்டிவந்தார்கள். அந்த வருஷத்து ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். நான் அவனைப் பார்த்ததில்லை. வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சும் அதிகம் கிடையாது. அந்தக் காலத்தில் பிள்ளை சாகாத வீடு என்று எங்கள் ஊரில் ஒன்றைக் காட்டுவது கடினம்.

கைக்குழந்தையாக இருக்கும்போது எனக்கும் அதே மாதிரிக் காய்ச்சல் வந்தது. அம்மா என் முடியை அதே முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். மலையில் கொடுக்கும் வரைக்கும் கத்தியோ கத்தரியோ அதில் படக்கூடாது. நான் பிழைத்துக்கொண்டேன். கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கி வருஷா வருஷம் தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருஷம் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு. ஒரு வருஷம் ஏரி நிரம்பவில்லை. ஒரு வருஷம் மாட்டுக்குக் கால் நொண்டி. இன்னொரு வருஷம் எல்லாம் சரியாக இருந்தபோது, எனக்கு இருமல் என்று அம்மா சொன்னாள். எனக்கு இருமியதாக நினைவில்லை. ஆனால் அம்மா சொன்ன பிறகு நானும் கொஞ்சம் இருமினேன்.

முடிக்குக் காரணம் கேட்டு ஊரில் யாரும் சிரிக்கவில்லை. நேர்ந்த முடி என்றால் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில்தான் தொல்லை. வேலப்பன்சாவடியில் வேதக்கார வாத்தியார் ஒருவர், கிறிஸ்தவர், பள்ளிக்கூடம் வைத்திருந்தார். நல்ல மனிதர். முதல் நாள் என் பின்னலைப் பார்த்துவிட்டு என்னைப் பெண்கள் வரிசையில் உட்கார வைத்தார். நான் பையன் என்று தெரிந்த பிறகும், பின்னால் உட்காரும் பையன்கள் பின்னலை இழுப்பார்கள் என்று அங்கேயே விட்டுவிட்டார். கல்லாங்காய் ஆட்டத்தில் எனக்கு நிகர் யாரும் இல்லாமல் போனது அதனால்தான். ஆனால் போகும் வழியெல்லாம் பையன்கள், "இன்னா பாப்பா, பூ வெச்சிக்கலியா?" என்று கூடவே வருவார்கள். பாதி நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கால்வாய் ஓரமாகவே நடந்து வேறு எங்காவது போய்விடுவேன். அன்று ஆரம்பித்த நடை இன்னும் நிற்கவில்லை.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். மொட்டை. மற்றப் பையன்கள் மாவிளக்குக்கும் கரும்புக்கும் ஆசைப்பட்டது போல நான் மொட்டைக்கு ஆசைப்பட்டேன்.

மார்கழி பிறந்தால் என் முடிக்குக் கெட்ட காலம். விடியும்போது பனி, விடிந்த பிறகு ஏரிப் பக்கமிருந்து வாடைக்காற்று. உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும், முடி நுனியும் வெடிக்கும். ஒரு முடி நுனியில் இரண்டாகும், சிலது மூன்றாகும். நான் வைக்கோல் போரில் புரண்டு வருகிறவன். பிளந்த நுனிகளில் வைக்கோல் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் இன்னும் மேலே கிழியும். அம்மா மத்தியானத்தில் என்னை வாசலில் வெயில் பார்த்து உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, ஒவ்வொரு கொத்தாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். மற்றப் பெண்கள் என்றால் கத்தரியால் நறுக்கிவிட்டு எழுந்துபோவார்கள். இதில் கத்தரி படக்கூடாது. அதனால் விளக்கெண்ணெயை விரலில் தொட்டு, பிளந்த இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒட்டவைப்பாள். ஒட்டியது போல இருக்கும். மறுநாள் காலையில் மறுபடியும் இரண்டாக நிற்கும். மறுபடியும் எண்ணெய். எனக்கு எட்டோ ஒன்பதோ நடந்த அந்த மார்கழியில் என் தலை எந்நேரமும் எண்ணெய்ச் செக்குப் போல வாடை அடித்தது.

நைனா அதிகம் பேசாதவர். அந்த வருஷம் அவரே பேச்சை எடுத்தார்.

"நுனியெல்லாம் பூத்துப் போயி கீது. இன்னும் ஒரு மார்கழி போச்சுன்னா பாதி முடி போயிடும். வெடிச்ச முடிய சாமிக்குக் குடுக்கறதா? இந்தத் தையிலயே முடிச்சிடலாம்."

"வெடிப்பு எண்ணெய் வெச்சா அடங்கிடும்" என்றாள் அம்மா.

"அடங்கலியே."

"அடங்கும்."

எனக்கு நைனாவின் மேல் அப்படி ஒரு பாசம் வந்தது. வெடிப்பு அடங்கக் கூடாது என்று திருவேற்காட்டு அம்மனிடம் தனியாக வேண்டிக்கொண்டேன். ஒரு சாமிக்கு எதிராக இன்னொரு சாமியிடம் போகலாமா என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை.

இந்த நிலையில்தான் வெள்ளானூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். மொட்டையடிக்கும்போது என்னை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் அவர்தான். பட்டணத்துக்கு வண்டியில் பாரம் ஏற்றிப் போவது அவர் தொழில். ஆகவே உலகத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. அம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா தங்கச்சி, முடிக்குத் தையல் போடறியா?"

அம்மா விஷயத்தைச் சொன்னாள். நைனா தைக்கு அவசரப்படுவதையும் சொன்னாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதுக்கா இம்மாம் விசனம்? நம்ம வண்டில நாடகக் கம்பெனிப் பெட்டியெல்லாம் ஏத்திகினு போனேன் பாரு, அங்க பொம்பள வேசம், ஸ்திரீபார்ட் கட்றவன் ஒர்த்தன். சொந்த முடி, முழங்கால் வரைக்கும். அவன் கத்தரியே தொட மாட்டான். முடிய முறுக்கிப் புடிச்சி, வெளிய நீட்டிகினு நிக்கற நுனிய நெருப்புல பொசுக்கிடுவான். அப்புறம் வெடிப்பே வராது."

"நெருப்பா?"

"கத்திதானே படக்கூடாது? நெருப்பு படக்கூடாதுன்னு யாரு சொன்னா? முருகரே நெருப்புப் பொறியிலேர்ந்து வந்தவருதானே. அவுரு கோச்சிக்குவாரா?"

அம்மா யோசித்தாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். வெடிப்பு போய்விட்டால் நைனாவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. என் மொட்டை கண்ணெதிரே நழுவிப் போயிற்று.

"நல்லா கத்துகினு வந்தியா அண்ணாத்தே?"

"பக்கத்துலயே குந்திகினு பாத்தேன்."

மாமா பொய் சொல்லவில்லை. முதலில் ஊதுவத்தியில்தான் ஆரம்பித்தார். ஒரு கொத்தைக் கயிறு போல முறுக்கினார். முறுக்கியவுடன் பிளந்த நுனிகள் மட்டும் முள் முள்ளாக வெளியே நின்றன. ஊதுவத்தியின் கங்கு முனையை அதன் ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். சிர் சிர்ரென்று சத்தம், தீய்ந்த நாற்றம். கொத்தை அவிழ்த்துக் காட்டினார். நுனி ஒழுங்காக இருந்தது. அம்மா தன் அண்ணனைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை.

அதோடு மெதுவாகவே செய்திருந்தால் சரி. ஊதுவத்தி கரைந்துகொண்டு வந்தது. மாமாவுக்குப் பொறுமையும் கரைந்தது.

"இப்டி ஒவ்வொண்ணாப் பொசுக்கினா பொங்கல் வந்துடும். அந்த அகல எடு" என்றார்.

அகல் வந்தது. அந்த நாடகக்காரனின் முடி சீயக்காய் போட்டு அலசி உலர்த்திய முடி. என் முடியோ ஒரு மாதமாக விளக்கெண்ணெயில் ஊறிய முடி. மாமா இதை நினைக்கவில்லை. சுடர் நுனியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. கோயில் தீவட்டியில் எப்படிப் பிடிக்கும், அப்படி. என் வலது காதோரம் திடீரென்று சூடும் வெளிச்சமும். மாமா, "ஐயோ முருகா!" என்று அகலைப் போட்டுவிட்டுக் கைகளால் அடித்தார். நெருப்பை அடிக்கிறேன் என்று என் கன்னத்தை அடித்தார். அம்மா உள்ளே ஓடினாள், ஆறவைத்திருந்த கேழ்வரகுக் கூழைப் பானையோடு தூக்கிவந்து என் தலையில் கவிழ்த்தாள்.

நெருப்பு அணைந்தது. காது நுனியில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். ஆனால் வலது பக்க முடி தோளுக்கு மேலேயே சுருண்டு கருகி நின்றது. இடது பக்கம் இடுப்பு வரை அப்படியே இருந்தது. கூழ் மூக்கில் வடிய, ராத்திரிக்கு என்ன சாப்பிடுவது என்று நான் அழுதேன். அம்மா என் தலையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, முழுசாக இருக்கிறேன் என்று தெரிந்துகொண்ட பிறகு, மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ ஊட்டுக்குப் போ."

"தங்கச்சி, நான்..."

"போன்னு சொல்றேன்."

மாமா வண்டி கட்டிக்கொண்டு போனார். ஏரிக்கரை திரும்பும் வரை பார்த்தேன். ஒரு தடவைகூட மாட்டை அதட்டவில்லை.

நைனா வயலிலிருந்து வந்து என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் துடைப்பது போல் துண்டால் மறைத்துக்கொண்டார். பிறகு, "இனி தள்ள முடியாது" என்றார்.

"தீஞ்ச முடிய எப்டிக் குடுக்கறது? வளரட்டும். வளந்ததும் குடுக்கலாம்" என்றாள் அம்மா.

நான் வாய்விட்டு அலறினேன். இந்தக் கோலத்தில் எத்தனை வருஷம் வளர்ப்பது? நைனா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "எத்தினி நாளு தள்ளுவே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அம்மா தரையில் சிந்திய கூழை வழித்துக்கொண்டிருந்தாள்.

தையில் போனோம். மாமாதான் வண்டியில் ஆவடி ரயிலடிக்குக் கொண்டுபோனார். அவர் மடி இல்லாமல் மொட்டை இல்லை என்பதால் அம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினாள். ஆனால் அரக்கோணம் வரும் வரைக்கும் பேசவில்லை. அரக்கோணத்தில் ரயில் மாறும்போது, "கால்ல முள்ளு குத்திகிச்சா, நொண்டறே?" என்று கேட்டாள். மாமா அதற்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மலைமேல் நாவிதர் என் தலையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பாதியை ஊட்டுலயே குடுத்துட்டியா?" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான் அவர் மடியில் உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்து, கத்தி வைத்தார்கள். கருகிய முடி, நல்ல முடி, வெடித்த முடி எல்லாம் கலந்து மடியில் விழுந்தது. இதில் எண்ணெயைக் கொட்டி எத்தனை மத்தியானம் வீணாகப் போயிற்று என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தலை லேசாகிக்கொண்டே வந்தது. காற்று பட்டது. அந்தச் சுகத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

உச்சியில் கத்தி வந்தபோது அம்மா, "அது இருக்கட்டும்" என்றாள்.

நாவிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் கொத்து இருக்கட்டும். அப்புறம் வந்து குடுத்துக்கறோம்."

"மொட்டைன்னா முழுசாத்தாம்மா அடிக்கணும். பாக்கி வெப்பாங்களா?"

"ஒரு தபா முழுசாத்தான் குடுத்தோம். இது இருக்கட்டும்யா."

நைனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு நாவிதரிடம், "வுடு, அவ சொல்றாப்பல வுடு" என்று சொல்லிவிட்டுப் போய் வேறு பக்கம் பார்த்து நின்றார். மாமாவின் கை என் வயிற்றை இறுக்கிப் பிடித்தது. மூன்று பெரியவர்களுக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், இத்தனை கஷ்டப்பட்டு வந்தும் முழு மொட்டை கிடைக்கவில்லை என்பதுதான். படியெல்லாம் மொட்டைப் பிள்ளைகள் தேங்காய் போலப் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. என் உச்சியில் மட்டும் ஒரு கொத்து.

மலை இறங்கும்போது அம்மா என் தலைமேல் கையை வைத்து அந்தக் கொத்தை மூடிக்கொண்டே வந்தாள். ஊரார் சிரிக்கக் கூடாதென்று மறைக்கிறாள் என நினைத்துக் கையைத் தட்டிவிட்டேன். மறுபடியும் வைத்தாள்.

"சாமிக்குப் பாக்கி வெச்சா கோச்சிக்காதா?" என்று கேட்டேன்.

"கோச்சிக்கட்டும். பாக்கி கீதுன்னா உன்னை மறக்காம பாத்துகினே இருப்பாரு இல்ல?"

சாமி என்னையே பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு என்ன லாபம் என்று விளங்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் இந்தக் கொத்துக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பது ஒரு கவலை. அரக்கோணத்தில் பார்த்த முறுக்கைத் திரும்பும்போது வாங்கித் தருவார்களா என்பது இன்னொரு கவலை. அம்மாவின் கை தலையில் கனத்தது. உள்ளங்கையில் இன்னும் விளக்கெண்ணெய் வாடை இருந்தது.