கயிறு யார் கையில்?

போன வாரம் மானாம்பதியில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? கொடுத்தது ராஜாத்தி. அவளே கிணற்றில் சேந்திய தண்ணீர்!

ராஜாத்தி, எங்கள் பக்கத்து வயல்காரன் முனுசாமியின் மனைவி. தையில் கல்யாணமாகி வந்தவள். சின்ன வயதில் அவள் கண்ணெதிரே ஒரு கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்து செத்ததாம். அதிலிருந்து கிணறு என்றாலே நடுக்கம். பிறந்த வீட்டில் அக்காக்கள் சேந்திக் கொடுத்தார்கள். புகுந்த வீட்டில்? குழாய் இன்னும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையே!

மந்திரித்தார்கள். தாயத்து கட்டினார்கள். ம்ஹூம்...

பயந்தவரைப் பார்த்து 'பயப்படாதே' என்கிறோம். பசித்தவரிடம் 'பசிக்காதே' என்போமா?

கடைசியில் முனுசாமி தனக்குத் தெரிந்த வைத்தியத்தில் இறங்கினான். எங்கள் ஊர்களில் நீச்சல் எப்படிக் கற்றுத் தருவார்கள்? இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். அவன் பயம் அப்படித்தான் போனதாம். அதே கயிற்றை மனைவியின் இடுப்பில் கட்டி, கிணற்றடிக்கு இழுத்துப்போய் எட்டிப் பார்க்க வைத்தான். மயங்கி விழுந்தாள். அப்புறம் ராட்டினம் கிரீச்சிட்டாலே உடம்பு வெடவெடத்தது.

மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "தண்ணி சேந்தாத மருமவ நமக்கு எதுக்குடா? அவங்க வூட்லயே உட்டுட்டு வா."

முனுசாமிக்கு அவளை விட மனசில்லை. என்னிடம் வந்து அழுதான். இருவரையும் உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்த டாக்டரிடம் அழைத்துப் போனேன். அன்று எனக்குக் காய்ச்சல் வேறு. ஊசியைப் பார்த்ததும் "மாத்திரையே போதும் சார்" என்று நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது தனிக் கதை.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். "கயிறு சரிதான்ப்பா. அத அந்தம்மா கையில குடுத்திருக்கணும்" என்றார்.

அதாவது — கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு முனுசாமி கிணற்றை நோக்கி நடக்க வேண்டும். மறுநுனி பின்னால் வரும் ராஜாத்தி கையில். அவள் இழுத்தால் நிற்க வேண்டும். படபடப்பு அடங்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார வேண்டும். வீட்டுக்கு ஓடினால் பயத்துக்குத் தீனி போட்டதாகிவிடும். மறுநாள் இன்னும் கொஞ்சம் கிட்டே.

ஊர் சும்மா இருக்குமா? "இன்னா முனுசாமி, பொண்டாட்டி ஓட்டிக்கினு போறாளா?"

"ஆமா, நல்லாத்தான் ஓட்றா" என்று சொல்லிவிட்டு நடந்தான். அந்த ஒரு பதிலுக்காகவே அவன்மேல் எனக்குத் தனி மரியாதை.

முதலில் புங்கமரத்தடி. பிறகு துணி துவைக்கிற கல். நடுவில் சில நாள் பின்னடைவு... ஆடி பிறப்பதற்குள் கிணற்றுச் சுவரில் கை வைத்துவிட்டாள். மாமியாரும் அடங்கிவிட்டாள்.

போன வாரம் அந்தச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது கேட்டேன். "பயம் போயிடுச்சாம்மா?"

"எங்க போச்சு? இங்கதான் கீது. தெனமும் கூடவே வர்து. கொடத்த மட்டும் நான் தூக்கிக்கினு வந்துடறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த தடவை டாக்டரிடம் என் பயத்தையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். ஊசிக்குக் கையை மட்டும் நான் நீட்டிவிட்டால் போதுமே!