கொப்பியில் இருந்த ‘டா’

நாங்கள் நியூசிலாந்துக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது மனைவிக்கும் மகளுக்கும் சிக்கல் எதுவும் வரவில்லை. எனக்கு மட்டும் கடிதம் வந்தது. நேரில் வரவேண்டும், ஆங்கிலம் கதைக்க முடிகிறதா, ஒரு குடிமகனின் கடமைகளும் உரிமைகளும் தெரியுமா என்று ஓர் அதிகாரி கேட்பார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் காதால் வந்தது, அதுவும் அரைகுறையாக. தமிழிலேயே நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுவேன்.

ஆனால் குடியுரிமையோடு வரும் பாஸ்போர்ட் எனக்கு வேண்டியிருந்தது. பழையது காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பிக்க நான் தப்பி வந்த அரசாங்கத்திடமே போய் நிற்கவேண்டும். அக்காவும் ஊரைவிட்டுப் போய்த் திருச்சியில் ஒரு வாடகை அறையில் இருந்தா. பத்து வருடமாகப் பார்க்கவில்லை. கண்ணில் வெள்ளை படர்ந்து எழுத்துத் தெரியவில்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்திருந்தா. அந்தப் பிள்ளை அக்கா சொன்னபடியே எழுதியிருந்தது: “கண் முழுக்க மறைய முதல் ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ தம்பி.”

அப்போது புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்துப் பையில் கட்டும் வேலை. நாங்கள் குடியிருந்த மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்து விடியமுன் ஒரு மதுரைக்காரரின் காரில் போவேன். அவர் பட்டதாரி, அவரும் வெங்காயம்தான் கட்டினார். என் கவலையைக் கேட்டுவிட்டு, கேள்விகளுக்கான ஆங்கிலப் பதில்களைத் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதித் தந்தார்.

“அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்கண்ணே. பத்தே வரி.”

“ஓம் தம்பி.”

“இந்த ஓம் மட்டும் அங்க வேணாம். சாமி கும்பிட வந்திருக்காருன்னு நினைச்சிருவாங்க.”

இரண்டு மாதம் அந்தக் கொப்பியோடு போனது. கைகளில் வெங்காய மணம், பக்கங்களிலும் அதே மணம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி மேல் இருந்து பார்ப்பேன். இரண்டாம் வரியில் கண் மூடிவிடும். திரும்பி வரும்போது காரில் அவர் விடமாட்டார்.

“வாய்விட்டுச் சொல்லுங்கண்ணே, கேக்குறேன்.”

“வீட்டை போய்ச் சொல்லிப் பாக்கிறன் தம்பி.”

வீட்டிலும் சொல்லவில்லை. மகள் சிரிப்பாள் என்று பயம். எல்லாம் மனதுக்குள்ளேயே ஓடியது.

அந்த நாள் லீவு போட்டு, பஸ்ஸில் நகரத்துக்குப் போனேன். அதிகாரி என் வயதுப் பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஆறுதலாகக் கதைத்தார். எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். சொன்னேன். பிறகு, ஒரு குடிமகனாக என்ன செய்வீர்கள் என்றார்.

கொப்பியின் முதல் பக்கம் அப்படியே கண்ணுக்குள் வந்தது. சட்டத்தை மதிப்பேன் என்றேன். வாக்களிப்பேன் என்றேன். மூன்றாவதாக, “ஐ வில் பே டாக்ஸ்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நாய்களா?”

கொப்பியில் அப்படித்தான் இருந்தது. “யெஸ். டாக்ஸ்.”

“உங்களிடம் நாய் இருக்கிறதா?”

“இல்லை மேடம்.”

“அப்படியென்றால் நீங்கள் ஒன்றும் கட்ட வேண்டாமே.”

இந்த நாட்டில் நாய்க்கும் வருடாவருடம் பதிவுப் பணம் கட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த வரியில் ஒருநாளும் சந்தேகம் வரவில்லை. இப்போது நாய் இல்லாததுதான் குறையோ என்று நினைத்தேன். அக்காவின் கண் ஞாபகம் வந்தது. அடுத்த வரி மறந்துபோய்விட்டது.

ஒன்றும் தோன்றாமல், வேலைக்குச் சாட்சியாகக் கொண்டுபோயிருந்த சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு ஓர் இடத்தில் விரலை வைத்து, “இதைச் சொன்னீர்களா? ரக்ஸ்?” என்றார்.

வரி. ஒவ்வொரு கிழமையும் சம்பளத்தில் நான் பார்க்கிற வெட்டு. “ஓம்” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஏற்கனவே கட்டிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்” என்று சொல்லி ஏதோ எழுதினார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். என்ன கேட்டார், என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

மகளிடம் கொப்பியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. “ரீட் இற், அப்பா” என்றாள். வாசித்தேன். அவள் சோபாவில் விழுந்து சிரித்தாள். மனைவிதான் எழுத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னா:

“அது மதுரைப் பக்கத்து ஆக்களின்ர எழுத்தப்பா. நாங்கள் ரீச்சர் எண்டு எழுதிறதை அவை டீச்சர் எண்டெல்லோ எழுதுவினம்.”

உண்மைதான். எங்களுக்கு ஆங்கில ‘T’ சத்தத்துக்கு ‘ர’. ‘டா’ என்று கண்டால் டொக்டர், டொலர் போல ‘D’ சத்தத்துக்குத்தான் வாய் போகும். மதுரைக்காரர் வரி என்று எழுதியதை நான் இரண்டு மாதம் நாய்கள் என்று பாடமாக்கியிருக்கிறேன். ஒரு தரம் காரில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அன்றே திருத்தியிருப்பார்.

அவரிடம் சொன்னபோது காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அப்ப நாய் வாங்கிட்டீங்களாண்ணே?” என்று மற்ற நாள் காலையிலும் கேட்டார்.

கடிதம் வரப் பல கிழமை ஆனது. வேலையால் வந்து வாசல்படியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் உடைத்து வாசித்தாள். சரியாம். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். சந்தோசப்பட வேண்டும் என்று தெரிந்தது. இடுப்பு விட்டுப்போயிருந்ததால் சப்பாத்துக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

பாஸ்போர்ட் கையில் வந்த பின்புதான் அக்காவுக்கு எழுதினேன். வெங்காயக் காலம் முடிந்ததும் வருகிறேன், ரிக்கற் எடுத்துவிட்டேன் என்று எழுதிவிட்டு நின்றேன். இதை அக்காவுக்கு வாசித்துச் சொல்லப்போவது பக்கத்து வீட்டுத் திருச்சிப் பிள்ளை. அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, மேலே ‘டிக்கெட்’ என்று எழுதினேன்.