பக்கத்து வீட்டுக்காரியின் தலைச்சுற்றல்

ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாக வாழையிலை விற்ற வேலம்மாள், 1934-ஆம் வருஷத்தில் இன்னொரு வேலையும் பார்த்தாள். சித்திரை வீதிப் பெண்கள் பலர் ஆண் டாக்டரிடம் போக வெட்கப்பட்டு, தங்கள் உபாதைகளை அவளிடம்தான் சொல்லி அனுப்புவார்கள். டாக்டர் அழகியமணவாளன் வீட்டுக்கு இலை கொடுக்கப் போகும்போது அவள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவர் சொன்ன பதிலை ஒரு சொல் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

ஒருநாள் இலைக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, "எங்க பக்கத்து வீட்டுக்காரிக்குக் குனிஞ்சு நிமிர்ந்தா தலை சுத்துதுங்க, சாமி" என்றாள்.

"காலையில என்ன சாப்பிடறா?"

"சாப்பிட ஏதுங்க நேரம்? விடியறதுக்குள்ள தோப்புக்குப் போயி இலை அறுக்கணும்..."

சொன்ன பிறகுதான் வேலம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரட்டும்" என்று அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது. "ரத்தம் குறைச்சல். மருந்து தரேன். இனிமே வெறும் வயித்தோட தோப்புக்குப் போகக் கூடாது, தினம் கீரை சாப்பிடணும்னு அவகிட்ட சொல்லு."

"சொல்லிடறேங்க" என்று வேலம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு மாதத்தில் தலைச்சுற்றல் நின்றது. அதன்பிறகு யாராவது கேள்வி சொல்லி அனுப்பினால், "நீங்களே வாங்கம்மா, நானும் கூட வரேன். அவரு என்ன கடிச்சுத் தின்னுடவா போறாரு?" என்பாள். அந்த வருஷம் ஐப்பசிக்குள் ஐந்து பெண்கள் அவளோடு போய் டாக்டரிடம் காட்டிக்கொண்டார்கள்.