அரிசிச் சாக்கு நூல்

தங்கச்சி குசினியில் அரிசிச் சாக்கின் வாய் நூலை இழுத்தாள். கிர்ரென்று ஒரே ஓட்டமாக அது கழன்ற சத்தத்தில் என் கால்கள் நின்றன. வேலைக் கடிதம் வருமென்று காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டேயிருந்த கால்கள்.

சண்டை முடிந்து கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் நாங்கள் மீளக்குடியேறிய வருடம் அப்பாவும் இப்படித்தான் நடந்தார். எங்கள் வயலில் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை. வரம்பில் நட்டிருந்த சிவப்பு எச்சரிக்கைப் பலகை வரை போவார், பார்ப்பார், திரும்புவார். ஒருநாள் தாண்டிவிடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். நிவாரண அரிசி வந்த வெறுஞ்சாக்குகளை அவர் முன்னால் போட்டு, "இதைப் பிரிச்சு உடுப்புக் காயப்போட ஒரு கொடிக்கயிறு திரிச்சுத் தாங்கோ" என்றார்.

ஒரு மத்தியானம் கூடாரத்தில் அப்பாவைக் காணவில்லை. அம்மா பதறி ஓடினார், பின்னால் நாங்கள். அப்பா பலகைக்கு இந்தப் பக்கம் நின்று, இழைகளை அதன் கம்பத்தில் கட்டி அவசரமில்லாமல் ஆறுதலாகத் திரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, கட்ட வேறை இடம் கிடைக்கேல்லையோ?"

"ஊரிலை ஆடாமல் நிக்கிற கம்பு இது ஒண்டுதானப்பா."

திட்ட வாயெடுத்த அம்மா சிரித்துவிட்டார். பிறகுதான் கயிற்றைப் பார்த்தார். "இது மாட்டுக்கயிறெல்லோ! மாடெங்கை?"

அப்பா அடுத்த இழையை எடுத்து முறுக்கினார். வெடி எடுத்து முடித்து வயலைத் திருப்பித் தந்த அன்று, மாடில்லாமல், அந்தக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டே வரம்பில் இறங்கினார்.

தங்கச்சியிடம் நூலை வாங்கி, ஒரு நுனியை யன்னல் கம்பியில் கட்டினேன்.

"கொடிக்கோ அண்ணா, மாட்டுக்கோ?" என்று கேட்டாள்.