முக்கியமானவர் அல்லர்

சாரம் பகுதியில் சிராஜுதீன் தன் பிரவுசிங் சென்டரின் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே அஞ்சலாட்சி குனிந்து உள்ளே வந்துவிடுவார். "பாய், கடைசி கேபின் காலியா?" கடையில் ஒருவருமே இல்லாதபோதும் இதைக் கேட்காமல் உட்கார்ந்ததில்லை. கைப்பையிலிருந்து துணித்துண்டை எடுத்து விசைப்பலகையைத் துடைப்பார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்துக்கும் நிமிர்ந்து திரையைப் பார்த்தபடி, தன் பெயரையே தட்டச்சு செய்வார். பத்து நிமிடம். கிளம்பும்போது, "நான் பாத்ததெல்லாம் அழிச்சிடுங்க பாய்" என்பார். 2008இல் ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்காகப் பக்கத்துக் கேபினில் உட்கார்ந்திருந்த நான்கு மாதமும் இதைப் பார்த்தேன்.

அவர் ஒரு மகளிர் கல்லூரியில் புவியியல் பேராசிரியர். வயது ஐம்பத்தைந்து. மணமாகாதவர் என்றே கல்லூரியில் நினைத்திருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, குருசுக்குப்பத்தில் தொடங்கி அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரம் வரை நடந்து, கடற்கரையின் அகலத்தை நாடாவால் அளப்பார். இருபத்திரண்டு வருடமாக. குப்பத்து ஆட்களுக்கு அவர் 'டேப்பு டீச்சர்'. எந்த இடத்தில் கடல் எத்தனை மீட்டர் உள்ளே வந்திருக்கிறது என்று கேட்டால் நோட்டைப் பிரிக்காமல் சொல்வார். சுனாமிக்குப் பிறகு அந்த அட்டவணைகளைத் தேடி வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட வந்து போனார்கள்.

அந்தப் பெருமையில்தான் அவருடைய பழைய மாணவி கலைவாணி, இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிப் போட்டார். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற வகைக் களஞ்சியம் அது. அஞ்சலாட்சிக்குச் சந்தோஷம்தான். அச்செடுத்து வைத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்து, முகம் தெரியாத ஒருவர் அதில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். இரண்டு வயது மகளுக்கு அரளி விதை கொடுத்துக் கொன்றதாக 1975இல் இவர் கைது செய்யப்பட்டார். கீழே ஆதாரமாக ஒரு நாளிதழின் தேதி, பக்க எண்.

விழுப்புரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. கொல்லையில் விளையாடிய குழந்தை விதையைப் பொறுக்கித் தின்றுவிட்டது. அம்மாதான் ஊட்டினாள் என்று புருஷன் வீட்டார் புகார் கொடுத்தார்கள். ஏழு மாதம் சிறையில் இருந்தார். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் விடுவித்தது. கைதானதை ஆறு வரியில் போட்ட பத்திரிகை விடுதலையானதைப் போடவில்லை. அதற்குப் பிறகுதான் பிறந்த வீட்டுக்கு வந்து, விட்ட படிப்பைத் தொடர்ந்தார். இதையெல்லாம் என்னிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "எழுதிக்கோங்க. எம்பேரு வேணாம். எம்பொண்ணு பேரு வேணவே வேணாம்" என்றார். அஞ்சலாட்சி என்பது நான் வைத்த பெயர். வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

தீர்ப்பின் நகலை அவர் களஞ்சியக்காரர்களுக்கு அனுப்பினார். அச்சில் வந்த செய்திதான் ஆதாரம், இதைத் தங்களால் சரிபார்க்க முடியாது என்று பதில் வந்தது. யாரோ ஒரு நல்ல மனிதர் அந்த வாக்கியத்தை நீக்கினார். இன்னொருவர் திரும்பப் போட்டார். நான்கு முறை இப்படி நடந்தது. "எடுத்தாலும் பழசு உள்ள இருக்கும் மேடம். யார் வேணா தெறந்து பாக்கலாம். பக்கமே போனாதான் உண்டு" என்றார் சிராஜுதீன். பக்கம் போவதற்கு அவர்களிடம் இருந்தது ஒரே வழி. கட்டுரைக்கு உரியவர் அந்த அளவுக்கு முக்கியமானவர் அல்லர் என்று நிறுவ வேண்டும். ஏழு நாள் விவாதம் நடக்கும். அஞ்சலாட்சியே அதற்கு எழுதிப் போட்டார்.

விவாதத்தில் முதல் ஆளாக எதிர்த்து நின்றவர் கலைவாணி. தன் ஆசிரியர் வாங்கிய விருது, எழுதிய புத்தகம், அவரை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் என்று பதினேழு வரிப் பட்டியல் போட்டிருந்தார். மூன்றாம் நாள் சென்னையிலிருந்து பஸ் பிடித்து நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல மேம். பண்ணாதவங்க எதுக்கு ஒளியணும்?"

"நான் ஒளியலம்மா."

"அப்புறம் இது என்னா? இருவத்திரெண்டு வருஷ வேலைய ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லப் போறீங்களா?"

அஞ்சலாட்சி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "என்னெப் பத்தி எழுதட்டும். எனக்கு அம்பத்தஞ்சு வயசு, தாங்கிக்குவேன். எம்புள்ளைக்கு ரெண்டு வயசு. அவ எதுக்கும்மா அங்க கெடக்கணும்?"

கலைவாணி அழுதார். ஆனால் தான் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. "என்னால முடியாது மேம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அஞ்சலாட்சி கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டார். மாணவியின் பதினேழு வரிகளுக்கும் ஒவ்வொன்றாக மறுப்பு எழுதினார். எழுதிய ஒவ்வொரு வரியையும், சரிதானா என்று தனக்கே கேட்பதுபோல, முணுமுணுத்துப் படித்தார். விருது, ஊரில் ஒரு சங்கம் அந்த வருடம் பத்துப் பெண்களுக்குக் கொடுத்தது. புத்தகம், முந்நூறு பிரதி அச்சிட்டதில் பாதிக்குமேல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஆய்வு முறை, நாடா பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடியது. சுனாமி வராமலிருந்தால் இவரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கடைசி வரியைத் தட்டும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. சிராஜுதீன் டீ வாங்கி வைத்திருந்தார். அது ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது.

ஏழாம் நாள் தீர்ப்பு வந்தது. வாதம் ஏற்கத்தக்கது, இவர் முக்கியமானவர் அல்லர், நீக்கப்படுகிறது. "பாஸாயிட்டேன் பாய்" என்றார் அஞ்சலாட்சி. சிராஜுதீனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கம் போனது. அதைப் பிரதி எடுத்து வைத்திருந்த வேறு இரண்டு தளங்களில் அந்த வாக்கியம் இன்னும் இருக்கிறது. அவற்றை நடத்துகிறவர்கள் யாரென்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கடலரிப்பைப் பற்றிய கட்டுரைகளில் அவருடைய எண்கள் இப்போது, அவற்றை எடுத்தாண்ட ஒரு வெளிநாட்டு அறிக்கையின் பெயரில் நிற்கின்றன. கலைவாணி தொலைபேசியில் பேசுவதில்லை. அஞ்சலாட்சி ஞாயிற்றுக்கிழமை அளவையும் நிறுத்திவிட்டார். "யாருக்கு?" என்றார், நான் கேட்டபோது.

போன மாதம் நாங்கள் கடை வாசலில் நின்றிருந்தோம். முதுகுப் பையோடு ஓர் இளம்பெண் வந்து விசாரித்தார். கடலூர்ப் பக்கம், ஆராய்ச்சி மாணவி. கையில் அஞ்சலாட்சியின் புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதி இருந்தது.

"கடற்கரை அளந்த ப்ரொஃபசர் ஒருத்தங்க இந்தத் தெருவுலதான் இருக்காங்கன்னு சொன்னாங்க மேடம். நெட்டுல தேடினேன், ஒண்ணும் கெடைக்கல."

"அவங்க ஊர விட்டே போயிட்டாங்களேம்மா" என்றார் அஞ்சலாட்சி. குரலில் பிசிறில்லை.

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. திரும்பப் போனவரை, "அதெக் கொஞ்சம் குடு" என்று நிறுத்தினார். தாள்களை வேகமாகப் புரட்டி, ஓர் அட்டவணையில் நின்றார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்தார். குருசுக்குப்பத்துக்கு நேராக 14 என்று தவறாக அச்சாகியிருந்ததை அடித்து, மேலே 41 என்று எழுதி, மை காயும்வரை ஊதி, அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார்.